கேட்டது எல்லோருக்கும் கிடைத்தது

மார்ச் 24 கொழும்பில் யாருக்கும் ஒரு நாளல்ல. 1983 கலவரத்துக்கு ஜூலை 23 இருக்கிறது, 2009 போர் முடிவுக்கு மே 18 இருக்கிறது, 2019 ஈஸ்டர் குண்டுகளுக்கு ஏப்ரல் 21 இருக்கிறது. துக்கத்துக்குத் திகதி பஞ்சமில்லாத ஊர் இது. ஆனால் 1990 மார்ச் 24ஆம் திகதி, 1987 ஒப்பந்தப்படி இலங்கைக்கு வந்திருந்த இந்திய அமைதி காக்கும் படையின் கடைசித் தொகுதி திருகோணமலையில் கப்பலேறிய நாளை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அன்று அதைத் தன் வெற்றியாகக் கொண்டாடிய சிங்களத் தெற்குக்கு இப்போது அது தேவையில்லை. தமிழ்க் கட்சிகளோ, அந்தப் பேச்சை எடுத்தால் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்ற பழைய கணக்குக் கிளம்பிவிடும் என்று வாயே திறப்பதில்லை. டெல்லிக்கு அந்த இரண்டரை வருடத்தையும் மறப்பதில்தான் நிம்மதி.

நினைவுச்சின்னம் மட்டும் இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில், நாடாளுமன்றத்துக்குக் கிட்ட. இறந்த இந்தியப் படையினரின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு பேர் அளவில். நரேந்திர மோடி 2015இலும் 2025 ஏப்ரலிலும் வந்தபோது அங்கே மலர்வளையம் வைத்தார். நான் போன நேரம் ஒருவரும் இல்லை. காவலுக்கு நின்றவர், இந்தியாவிலிருந்தா வருகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, வெள்ளவத்தை என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வெள்ளவத்தைத் தமிழனுக்கு இங்கே என்ன வேலை என்று அவர் நினைத்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

ஒரு வெளிநாட்டுப் படை எங்கேயாவது மூட்டை கட்டும்போதெல்லாம் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கதை எழும்பும். 2021 ஓகஸ்ட்டில் காபூல் விமான நிலையக் காட்சிகள் வந்தபோது, "அப்ப இந்தியன் ஆமி போனது சரியா பிழையா" என்று இரண்டு நாள் அடிபட்டார்கள். கனடாவிலிருப்பவர் ஒரு பக்கம், கொக்குவிலில் இருப்பவர் மறுபக்கம். என்னைக் கேட்டால் அது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. 1990இல் கிட்டத்தட்ட எல்லோருக்குமே அந்தப் படை போக வேண்டியிருந்தது. அவரவருக்கு அவரவர் காரணம். எல்லோருக்கும் கேட்டது கிடைத்தது. அதன் பிறகு மூன்று வருடத்துக்குள் கேட்டவர்களில் யாருக்கு என்ன நடந்தது, ஒன்றும் கேட்காதவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்பதில்தான் விசயம் இருக்கிறது.

முதலில் பிரேமதாசா. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஜே.ஆர். ஜயவர்தனாவும் ராஜீவ் காந்தியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோதே, பிரதமராக இருந்தும் அவர் அதற்கு எதிர். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு கடற்படைச் சிப்பாய் துவக்குப் பிடியால் ராஜீவை அடித்ததை உலகமே பார்த்தது. தெற்கில் சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. அந்தக் கோபத்தை வைத்தே நாட்டை எரித்துக்கொண்டிருந்தது. இந்தியப் பொருள் விற்காதே என்று கடைக்காரர்களுக்கு மிரட்டல் போகும். 1989 ஜனவரியில் ஜனாதிபதியான பிரேமதாசாவுக்கு அந்தக் கோஷத்தை அவர்கள் கையிலிருந்து பறித்தாக வேண்டும். ஜூன் 1ஆம் திகதி, ஜூலை முடிவதற்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று பகிரங்கமாகக் கெடு வைத்தார்.

அடுத்தது விடுதலைப் புலிகள். 1987 ஒக்டோபரிலிருந்து இந்தியப் படையோடு சண்டை. அவர்களுக்கும் பிரேமதாசாவுக்கும் பொது எதிரி ஒன்று அகப்பட்டது. 1989இல் புலிகளின் பேச்சுவார்த்தைக் குழு கொழும்பு ஹில்டனில் தங்கியிருந்தது, அரசாங்கத்தின் விருந்தினராக. அந்தக் காலத்தில் அரச தரப்பிலிருந்தே புலிகளுக்கு ஆயுதம் போனது என்பதும் இன்று இரகசியமில்லை. அதே ஜூலையில், 13ஆம் திகதி, கொழும்பு புல்லர்ஸ் வீதியில் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்களான அமிர்தலிங்கத்தையும் யோகேஸ்வரனையும் புலிகள் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். பேச்சு அதற்காக நிற்கவில்லை.

டெல்லியில் 1989 டிசம்பரில் வி.பி. சிங் வந்தார். இது ராஜீவின் போர், தன்னுடையதல்ல என்பது அவர் நிலை. சென்னையில் கருணாநிதி, திரும்பி வந்த படையை வரவேற்கத் துறைமுகத்துக்குப் போகவில்லை. தமிழரைக் கொன்றுவிட்டு வருபவர்களை எப்படி வரவேற்பது என்பது அவர் கேள்வி. அது தமிழ்நாட்டில் பரவலாக இருந்த உணர்வுதான்.

சனத்துக்கும் அதே எண்ணம். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்து சுட்டதில் டொக்டர்கள், தாதிமார், நோயாளிகள் என்று எழுபது பேர் அளவில் செத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் படையை முன்போலப் பார்க்கவில்லை. பொங்கல் பானையும் மாலையுமாக வரவேற்ற அதே சனம்தான். சுற்றிவளைப்பு என்றால் ஊரையே மைதானத்தில் இருத்தி, முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க விடுவார்கள். 1989இல் பிள்ளை பிடி தொடங்கியது. மாகாண அரசு கட்டிய தமிழ்த் தேசிய இராணுவத்துக்கு ஆள் சேர்க்க, ரியூசனுக்குப் போகும் பெடியளை வாகனத்தில் ஏற்றினார்கள். எனக்கு அரும்பு மீசை வரத் தொடங்கிய வயது. அம்மா நீளக் காற்சட்டையை எடுத்து ஒளித்துவிட்டு, கட்டைக் காற்சட்டையோடுதான் வெளியே விடுவார். "வயசு கேட்டா பன்ரெண்டு எண்டு சொல்லு" என்பார். தெருவில் பார்த்தால் எங்கள் வகுப்பு முழுதும் கட்டைக் காற்சட்டையில் நின்றது.

ஆக, போகாதே என்று கேட்டது ஒரே ஒரு தரப்பு. இந்தியா நடத்திய தேர்தலில் வந்து வடக்கு கிழக்கு மாகாண சபையில் இருந்த ஈ.பி.ஆர்.எல்.எஃப். என்ற தமிழ் இயக்கம். 1990 மார்ச் 1ஆம் திகதி முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் சபையில் ஈழப் பிரகடனம் செய்தார். கடைசிக் கப்பல் போவதற்கு முன்பே அவரும் இந்தியா போய்விட்டார். பிறகு பல வருடங்கள் ராஜஸ்தானின் அஜ்மீரில் காவலோடு வாழ்க்கை. தலைவர்களுக்கு விமானமும் கப்பலும் கிடைத்தன. பிடித்துக்கொண்டுபோய்த் துவக்குக் கொடுத்த பெடியளுக்குக் கிடைக்கவில்லை. இந்தியப் படை அம்பாறையிலிருந்து தொடங்கி மாவட்டம் மாவட்டமாகப் பின்வாங்க, பின்னாலேயே புலிகள் வந்து அந்த முகாம்களை எடுத்தார்கள். நூற்றுக்கணக்கில் செத்த அந்தப் பிள்ளைகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஜயவர்தனபுரத்திலும் இல்லை, புலிகளின் மாவீரர் துயிலும் இல்லத்திலும் இல்லை.

பிரேமதாசா–புலி தேன்நிலவு, மார்ச் 24க்குப் பிறகு மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. பொது எதிரி போய்விட்டான். அப்புறம் என்ன ஒட்டு இருக்கிறது? ஜூன் 11ஆம் திகதி கிழக்கில் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சூழ்ந்தார்கள். எதிர்க்காமல் சரணடையுங்கள் என்று கொழும்பிலிருந்து உத்தரவு போனது. சரணடைந்த பொலிஸ்காரரில் நூற்றுக்கணக்கானோரைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சுட்டார்கள். இரண்டாம் ஈழப்போர் அப்படித்தான் தொடங்கியது. அதற்கு வட்டி கட்டியது கிழக்கின் தமிழ்க் கிராமங்கள். செப்ரெம்பர் 5, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது, ஒருவரும் திரும்பவில்லை. அதற்கு முன் ஓகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் கொன்றார்கள். ஒன்றை எழுதி மற்றதை விடுபவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அதனால்தான் இரண்டையும் அடுத்தடுத்து எழுதுகிறேன்.

புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் இருக்கிறார், முஸ்லிம்கள் இருந்த யாழ்ப்பாணம் சோனகதெரு ஆள். பைப் பொருத்துகள், வோல்வுகள் விற்கிறார். வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் அவரிடம்தான் போவேன். அரை மணி நேரமாவது யாழ்ப்பாணக் கதை இல்லாமல் வர முடியாது. ஒரு நாள் இந்தியப் படையைப் பற்றிப் பேச்சு வந்தது.

"தம்பி, அவங்கள் போனது மார்ச். நாங்க போனது ஒக்டோபர். ஏழு மாசம்" என்றார்.

"அது வேற, இது வேற இல்லையா நானா?"

"அவங்கள் நல்லவங்கள் எண்டு நான் சொல்லயில்ல. ஆனா அவங்கள் நிக்கேக்க எங்கள எழும்பிப் போ எண்டு சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரயில்ல."

1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுதுமிருந்து எழுபதாயிரத்துக்கு மேல் சனம். அவர் குடும்பம் புத்தளத்துக்குப் போய் ஓலைக் கொட்டிலில் இருந்தது. "கையில நூத்தம்பது ரூபா. வாப்பா கடைத் திறப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார், கடையில்லாம" என்று சொல்லிவிட்டு, எனக்கு அரை இஞ்சி வோல்வா முக்கால் இஞ்சியா என்று கேட்டார்.

அவர் சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடில்லை. இந்தியப் படை நின்றிருந்தால் அந்த வெளியேற்றம் நடந்திராது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் நின்றிருந்தால் வேறு என்னென்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவர் சொன்ன ஏழு மாசத்துக்கு என்னிடம் பதிலில்லை. போகட்டும் என்று நாங்கள் சொன்னபோது அவர்களை நாங்கள் கணக்கில் எடுக்கவேயில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு 1990 ஜூனோடு மின்சாரம் போனது. பிறகு வருடக்கணக்காக வரவில்லை. பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா எல்லாம் தடை. மண்ணெண்ணெய் எட்டாத விலை. ஓ.எல். சோதனைக்கு நான் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய். பழைய சைக்கிள் வால்வுக்குள் நூல் திரியைக் கோர்த்து நிறுத்தினால் ஒரு சொட்டுச் சுடர் நிற்கும். அந்தச் சுடருக்கு இரண்டு பேர் படிக்கலாம், மூன்றாவது ஆளுக்கு நிழல்தான். வானொலிக்கு, சைக்கிளைக் கவிழ்த்துவிட்டு டைனமோவை இணைத்து ஒருவர் மிதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மிதிப்பது நான், கேட்பது பெரியப்பா. மிதி தளர்ந்தால் பி.பி.சி. தமிழோசைக்காரர் குரல் இழுபடும். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்ச் செய்தியையும் அப்படித்தான் கேட்டோம். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மிதிச்சது காணும், இறங்கு. இனி எங்களுக்கு இந்தியா இல்லை" என்றார்.

இதைத்தான் இந்தியாவில் பலர் சரியாகப் பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன். படை மட்டும்தான் திரும்பி வந்தது, போர் கூடவே வரவில்லை என்று டெல்லி நினைத்தது. ஆனால் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் முப்பது கிலோமீற்றர் அளவில்தான். 1990 ஜூன் 19, சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவையும் தோழர்களையும் புலிகள் கொன்றுவிட்டுத் தப்பிப் போனார்கள். இந்தியாவை நம்பிக் கப்பலேறியவர்களுக்கு இந்தியாவிலும் காப்பில்லை என்று மூன்று மாதத்துக்குள் தெரிந்தது. புலிகளுக்கு இடம் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில் 1991 ஜனவரி 30 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21 ராஜீவ் கொலை. 1992 மே மாதம் இந்தியாவில் புலிகளுக்குத் தடை. 1993 மே 1, கொழும்பு ஆமர் வீதியில் மே தின ஊர்வலத்தில் பிரேமதாசா. அதுவும் புலிகளின் தற்கொலைக் குண்டு.

பிரேமதாசாவுக்குப் படை போனது, உயிரும் போனது. கருணாநிதிக்கு அவர் நிலைப்பாடு எஞ்சியது, ஆட்சி எஞ்சவில்லை. புலிகளுக்கு நிலம் கிடைத்தது. ஆனால் பின்தளமாக இருந்த தமிழ்நாட்டை அவர்களே இழந்தார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் சிக்கி நின்றபோது, அந்த இழப்பு என்னவென்று தெரிந்தது. சென்னையில் மனிதச் சங்கிலி நின்றது, டெல்லி அசையவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்து, குடாநாட்டுக்குள் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட இலங்கைப் படையினர் மாட்டிக்கொண்டபோது ஜனாதிபதி சந்திரிகாவின் அரசாங்கம் டெல்லியிடம் கையேந்தியது. படை உதவி இல்லை, வேண்டுமானால் மனிதாபிமான உதவி என்று பதில் வந்தது. பல்குழல் ரொக்கெற் ஏவிகளைப் பாகிஸ்தான் கொடுத்தது. 2002இல் சமாதானம் பேச வந்தது எங்கேயோ இருக்கிற நோர்வே. கடைசிப் போருக்கு வேண்டிய ஆயுதத்தில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வந்தது. போர் முடிவதற்கு முன்பே அம்பாந்தோட்டைத் துறைமுக வேலையும் தொடங்கிவிட்டது. 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்புக்கு வந்தது. 2017இல் அம்பாந்தோட்டை 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஓகஸ்ட்டில் சீன ஆய்வுக் கப்பல் யுவான் வாங் 5 அங்கே வந்து நின்றபோது டெல்லி குதித்தது.

எல்லாவற்றையும் கொண்டுபோய் ஒரு திகதியில் கட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. சீனா வந்ததற்குக் கடனும் வர்த்தகமும் ராஜபக்ஷக்களின் ஆசையும் காரணம். 1990 மார்ச்சை மட்டும் பிடித்து இழுக்க முடியாது. ஆனால் தன் கொல்லைப்புறத்தில் இருபது வருடம் இந்தியா கையைக் கட்டிக்கொண்டு நின்றதும், அந்த இடத்துக்கு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்ததும் தொடர்பில்லாத இரண்டு சங்கதிகள் என்றும் யாரும் சொல்ல முடியாது. 1987 ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களைப் பாருங்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டுக்கும் கொடுக்கக்கூடாது, அங்குள்ள எண்ணெய்க் குதங்களை, அதாவது சேமிப்புத் தாங்கிகளை, சேர்ந்து புனரமைப்போம் என்று அதில் இருக்கிறது. எண்பதாயிரம் பேர் அளவில் படையை இறக்கி நடக்காத அந்தக் குத வேலை, 2003இல் குத்தகையாகத் தொடங்கி 2022 ஜனவரியில் ஓர் உடன்படிக்கையாக வந்து நின்றது. அதே வருடம் நாங்கள் பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றோம். இந்தியாவின் நானூறு கோடி டொலர் அளவிலான உதவியில்தான் எரிபொருளும் மருந்தும் வந்தன. துவக்கால் வாங்க முடியாத செல்வாக்கைக் கடன் கொடுத்து வாங்கினார்கள் என்று என் நண்பன் வரிசையில் நின்றபடி சொன்னான். அந்த வெயிலில் எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

கடலுக்கு வருவோம், ஏனென்றால் அரசியல் கட்டுரைகளில் யாரும் கடலுக்கு வருவதில்லை. 1990க்குப் பிறகு வடக்குக் கடலில் எங்கள் மீனவர்களுக்குத் தடை, பாஸ், எல்லை, இரவில் போகக்கூடாது. அந்தக் காலம் முழுதும் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் இந்தப் பக்கம் வந்து பழகின. அவர்களுக்கும் கடற்படைச் சூடு விழாமல் இல்லை; ஆனாலும் வந்தார்கள், ஏனென்றால் அங்கே கரையோரம் மீன் குறைந்திருந்தது. 2009க்குப் பிறகு நெடுந்தீவு, பருத்தித்துறைச் சனம் திரும்பக் கடலுக்கு இறங்கியபோது, அந்த இழுவைப்படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போவதைப் பார்த்தது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. படகுகள் இன்னும் வருகின்றன, கைதும் நடக்கிறது. தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசுகிற இரண்டு கரையும் நடுக்கடலில் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருக்கின்றன.

காபூலுக்கும் திருகோணமலைக்கும் என்ன ஒற்றுமை என்று வட்ஸ்அப்பில் கேட்டவருக்கு அன்று பதில் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன். ஆப்கானிஸ்தானிலிருந்து ஒன்றல்ல, இரண்டு படை போயிருக்கிறது. 1989 பெப்ரவரி 15 அன்று சோவியத் படை ஆமு தாரியா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனது. அவர்கள் விட்டுப்போன ஆப்கான் ஜனாதிபதி நஜிபுல்லா ஒரு மாதம் தாங்கமாட்டார் என்றார்கள். அவர் 1992 ஏப்ரல் வரை தாங்கினார், ஏனென்றால் படை போன பிறகும் மொஸ்கோவின் பணமும் எண்ணெயும் ஆயுதமும் வந்துகொண்டிருந்தன. சோவியத் ஒன்றியமே கலைந்து அது நின்ற பிறகுதான் விழுந்தார். 2021இல் அமெரிக்கா ஓகஸ்ட் 30 அன்று கடைசி விமானம் ஏறுவதற்கு இரண்டு வாரம் முன்பே காபூல் விழுந்துவிட்டது. வடக்கு கிழக்கு மாகாண அரசும் கடைசிக் கப்பலுக்கு முன்பே முடிந்துபோன கதைதான். பின்னால் விட்டுப்போகும் ஆட்சிக்கு அரிசியும் சம்பளமும் துவக்கு ரவையும் வருமா, வராதா என்பதில்தான் எல்லாம் இருந்தது. பெருமாளுக்கு டெல்லியிலிருந்து ஒன்றும் வரப்போவதில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

இன்னொரு காட்சி எனக்கு ஹில்டனை நினைவூட்டியது. காபூல் விழுந்து சில வாரத்தில் பாகிஸ்தான் உளவுத்துறையான ஐ.எஸ்.ஐ.யின் தலைவர் ஃபைஸ் ஹமீத், காபூல் ஹொட்டேல் ஒன்றில் தேநீர்க் கோப்பையோடு நின்று, கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று நிருபர்களிடம் சொன்னார். தலிபானை வளர்த்தவர்கள், தலிபான் தங்களுக்குக் கட்டுப்படும் என்று நினைத்தார்கள். அதற்குப் பிறகு பாகிஸ்தானுக்குள் பாகிஸ்தான் தலிபானின் தாக்குதல் கூடிக்கொண்டே போனது. 2023 முடிவில் இலட்சக்கணக்கான ஆப்கானியரை இஸ்லாமாபாத் விரட்டத் தொடங்கியது. 2025 ஒக்டோபரில் இரண்டு நாட்டுப் படைகளும் எல்லையில் நேருக்கு நேர் மோதின. அதே மாதம் தலிபானின் வெளியுறவு அமைச்சர் டெல்லியில் விருந்தாளி. 2021இல் காபூல் தூதரகத்தைப் பூட்டிவிட்டு ஓடிய இந்தியா அதைத் திரும்பத் திறந்தது. அமெரிக்காவுக்கு இதெல்லாம் தொலைக்காட்சிச் செய்தி. அதற்கும் அந்த மண்ணுக்கும் இடையில் சமுத்திரங்கள் இருக்கின்றன. பாகிஸ்தானும் ஈரானும் எங்கே போகும்?

1990இல் எங்களுக்கு நடந்ததில் விசேசம் அதுதான். விட்டுப் போன படையும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே ஆள். அதனால் இந்தியாவுக்கு அமெரிக்காவின் கதியும் வந்தது, பாகிஸ்தானின் கதியும் வந்தது.

வேடிக்கையைச் சொல்ல வேண்டுமென்றால் ஜே.வி.பி.யைச் சொல்ல வேண்டும். இந்திய விஸ்தரிப்புவாதம் என்பது அவர்கள் புதியவர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று. அந்த ஒப்பந்தத்துக்கு எதிராக அவர்கள் எழும்பியதில் தெற்கில் ஆற்றில் பிணம் மிதந்தது. அரசாங்கமும் அதே பாணியில் பதில் கொடுத்து 1989 நவம்பரில் விஜேவீரவைக் கொன்றது. 2024 செப்ரெம்பரில் அதே கட்சியின் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். முதல் வெளிநாட்டுப் பயணம் டெல்லிக்கு. 2025 ஏப்ரலில் மோடி கொழும்புக்கு வந்து பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையெழுத்தானது, மித்ர விபூஷண விருதும் கொடுத்தார்கள். இந்தியப் படை நினைவுச்சின்னத்தில் மோடி மலர்வளையம் வைத்ததும் அந்தப் பயணத்தில்தான். ஒரு ஆர்ப்பாட்டம்? அந்த அளவில் ஒன்றும் இல்லை. வளர்ந்துவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு, 1987இலிருந்து 1989 வரை செத்த ஆயிரக்கணக்கான சிங்களப் பெடியளின் அம்மாக்கள் அன்று ரூபவாஹினித் தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்களா என்றுதான் ஓடியது.

ஒப்பந்தத்தில் எங்களுக்கு மிஞ்சியது மாகாண சபை. வடக்கையும் கிழக்கையும் இணைத்ததை 2006 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, 2007இன் முதல் நாளிலிருந்து அவை தனித்தனி. இப்போது தேர்தலே இல்லாமல் ஒன்பது மாகாணங்களிலும் ஆளுநர்கள்தான் இருக்கிறார்கள். டெல்லியிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் மாகாண சபையைக் கொண்டுவந்த பதின்மூன்றாம் திருத்தம் என்கிறார்கள், இங்கே எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அதில் இதற்கு மேல் எழுத எனக்குச் சலிப்பாக இருக்கிறது.

எழுத வேண்டியது தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமைப் பற்றி. 1990 ஜூனுக்குப் பிறகு மன்னாரிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ராஜீவ் கொலைக்குப் பிறகு அவர்களுக்கு அங்கே முகம் கொடுக்க ஆளில்லை. பலர் திரும்பினார்கள், சிலர் மறுபடி போனார்கள். இன்றும் ஐம்பதாயிரத்துக்கு மேல் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். அங்கே பிறந்து, அங்கே படித்து, மதுரைத் தமிழோ திருச்சித் தமிழோ பேசும் பிள்ளைகள். ஆனால் இந்தியக் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷிலிருந்து வந்தவர்களைச் சொல்கிறது. இலங்கை அதில் இல்லை. இலங்கை அடையாள அட்டை எடுக்க வேண்டுமென்றால் இங்கே வர வேண்டும்.

வந்தாலும் சும்மா விடுவதில்லை. 2025 மே மாதம், எழுபது வயது தாண்டிய ஒருவர் அகதிகளுக்கான ஐ.நா. ஆணையத்தின் ஏற்பாட்டிலேயே தமிழ்நாட்டிலிருந்து பலாலிக்கு விமானத்தில் வந்து இறங்கினார். போர்க்காலத்தில் சட்டவிரோதமாக நாட்டைவிட்டு வெளியேறினார் என்று குடிவரவுச் சட்டத்தில் அவரைப் பிடித்தார்கள். சத்தம் எழும்பிய பிறகு பிணையில் விட்டு, சட்டத்தைத் திருத்துவோம் என்று அரசாங்கம் சொன்னது. செல் குண்டு விழுகிற நேரத்தில் படகுக்கு ஓடியவன் எந்த அதிகாரியிடம் கடவுச்சீட்டில் முத்திரை குத்தியிருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை.